ஓரம் தேயாத டயர்

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. டயர்கடையில், கழற்றிச் சுவரில் சாத்திவைத்த ஒரு பழைய டயரிலிருந்து வந்தது. டயர் என் தங்கை கணவருடையது, கதை என்னுடையது. இதில் அவருக்கு வருத்தம் உண்டு, எனக்கு இல்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

பனி விலகாத மலைப்பாதையில் அந்தச் சிவப்பு பைக் சிறுத்தையைப் போல—

சிறுத்தைக்கு யாரும் டயர் மாற்றுவதில்லை. விட்டுவிட்டேன். அடுத்தது:

ஒரு மனிதனை அறிய அவனுடைய டயரைப் பார்த்தாலே—

இப்படித் தொடங்குகிற கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன். மூன்றாவதாக வந்ததைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள். நன்றாகவே இருக்கிறது. மாற்றப் போவதில்லை.

2

மாப்பிள்ளையை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வாரம் முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு மலைக்குப் போய் வருவார். வளைவில் சாய்க்கும்போது தன் முழங்கால் ரோட்டை உரசும் என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டார். அன்றிலிருந்து கூட்டத்தில் அவருக்கு 'முழங்கால்' என்றே பெயர்.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு தேவை. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே சொல்கிறேன். பைக் சாய்ந்தால்தான் டயரின் ஓரம் தரையில் படும். நேராகவே ஓட்டினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து சப்பையாகும்; ஓரம் சின்னச் சின்ன ரப்பர் முடிகளோடு கடையிலிருந்து வந்தபடியே இருக்கும். மலை உச்சியில் வண்டியை நிறுத்தியதும் இவர்கள் இயற்கையை ரசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. குனிந்து அடுத்தவர் டயரின் ஓரத்தைப் பார்ப்பார்கள்.)

வாரம் முழுக்க விபத்துக் கோப்பு படிக்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை முழங்காலை ரோட்டில் உரசுவாரா? ஒரு எழுத்தாளனுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அவர் சொன்ன விதம் அவ்வளவு நன்றாக இருந்தது.

3

என் தங்கை படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை வைத்திருக்கிறாள். மரத்தை இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மெருகு போட்டு, கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. எங்கே போனாலும் மேஜை விளிம்பையும் கதவு நிலையையும் விரலால் தடவிப் பார்ப்பாள். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருப்பதைக்கூடக் கவனிக்க மாட்டாள்.

கல்யாணமான புதிதில் அவளும் மலைக்குப் போனாள். அந்த பைக்கின் பின்சீட்டு ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதில் உட்கார்ந்து போய் வருவதைவிட அவளுக்குப் பிடித்தது வேறு எதுவும் இல்லை. நான் கவிதைக்காகச் சொல்லவில்லை, அவளே சொன்னது.

பிறகு ஒருநாள் மாப்பிள்ளை கூட்டாளி ஒருவரோடு போனில் பேசியது அவள் காதில் விழுந்தது.

"பின்னால ஆள் இருந்தா எப்படிப்பா சாய்க்கிறது?"

அடுத்த ஞாயிறு இடுப்பு வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த ஞாயிறு பட்டறையில் வேலை இருக்கிறது என்றாள். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. அதோடு பின்சீட்டு காலியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கதையில் தொலைந்துபோனது அந்தச் சோப்புப் பெட்டி அளவு இடம்தான். அது திரும்பக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. டயரெல்லாம் அதற்குப் பிறகு.

4

(இந்தப் பகுதியில் மாப்பிள்ளையை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு அவரே போன் செய்தார்.

"மச்சான், நான் அவ்வளவு மோசமானவனா?"

"கதைக்கு ஒரு ஆள் வேணும் மாப்ள."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

அவர் கேட்டது நியாயம். இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்ற அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்த மனிதர். அப்படிப் பார்த்தால் அவரும் என் தொழில்தான் செய்துகொண்டிருந்தார்.)

5

பின் டயர் நடுவில் சப்பையாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை. பைக்கைப் பற்றி எழுத விவரம் வேண்டும் என்று நானும் டயர்கடைக்குக் கிளம்பினேன். அந்தப் பக்கம் சட்டங்களைக் கொடுக்க வேண்டியிருந்ததால் தங்கையும் என் காரில் வந்தாள்.

டயர்க்காரர் இரண்டு டயர்களை எடுத்து நிறுத்தினார். ஒன்று முழுக்க மிருதுவான ரப்பர்: சூடேறிவிட்டால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், தனியாளாக வேகமாகச் சாய்த்து ஓட்டுபவர்களுக்கானது. குளிரிலும் பின்னால் பாரம் இருக்கும்போதும் அதை நம்ப முடியாது. இன்னொன்று நடுவில் கெட்டி, ஓரங்களில் மிருது: இரண்டு பேரைச் சுமக்கும், மழையில் கைவிடாது, கூட்டாளிகளிடம் பெருமையடிக்க உதவாது. மாப்பிள்ளை முதல் டயரைத் தொட்டுக்கொண்டு நின்றார். அதைத்தான் போடப்போகிறேன் என்று கூட்டத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சுவரில் பழைய டயர். வழக்கம்போல அவள் விரல் அதன் ஓரத்தைத் தடவியது. அப்புறம் அதே இடத்துக்குத் திரும்ப வந்தது.

"இது ரோட்டுல தேஞ்சது இல்ல," என்றாள்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"உப்புத்தாள் போட்டிருக்கீங்க. எண்பதாம் நம்பர். என் பட்டறையில காணோம்னு தேடிட்டிருந்தேன்."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. டயர்க்காரர் திடீரென்று ஒரு நட்டைத் தேடிக் கீழே குனிந்துகொண்டார்.

"எதுக்கு?"

"பசங்க பார்ப்பாங்க."

"பார்த்தா?"

"ஓரம் புதுசா இருக்குன்னு கலாய்ப்பாங்க. முன்னாடி நீ வந்துட்டிருந்த. பின்னால ஆள் இருக்கு, சாய்க்க முடியலன்னு சொல்லிட்டேன். நீ வராமப் போனதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது?"

"அப்ப நான் இல்லாதப்பவும் இவ்வளவுதான் சாய்ப்பீங்களா?"

"இவ்வளவுதான்," என்றார். பிறகு, "பயமா இருக்கு," என்றார்.

(இங்கே தங்கையின் கண்களைப் பற்றி ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்குக் கோபம், அவ்வளவுதான். எனக்கும் கோபம்தான். உப்புத்தாளை நினைத்துச் சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.)

"ஒரு வருஷமா," என்றாள், "ஞாயித்துக்கிழமையானா வீட்ல உக்காந்துகிட்டு, இன்னைக்காவது நீங்க நிம்மதியாப் பறப்பீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். நான்தான் பாரம்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவர் கை இன்னும் முதல் டயரின் மேலேயே இருந்தது.

6

முடிவுகள்.

முதல் முடிவு: மாப்பிள்ளை மிருதுவான டயரையே போட்டுக்கொள்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. தங்கை என் காரில் வீடு திரும்புகிறாள். (எழுதும்போதே எனக்கு அவர்மேல் கை ஓங்கத் தோன்றியது.)

இரண்டாம் முடிவு: கெட்டி டயர். தங்கை ஓடிவந்து பின்சீட்டில் ஏறுகிறாள். மலை, மேகம், காற்றில் அவள் துப்பட்டா— (டயர் விளம்பரம். பைக்கில் துப்பட்டா பறக்கக் கூடாது, சக்கரத்தில் மாட்டும்.)

இரண்டையும் தங்கையிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நடந்ததை எழுதேன்ணா."

"முழுசா எழுதலாமா?"

"அவர் சொன்னதை எழுது. கடைசியா நான் சொன்னதை மட்டும் எழுதாதே. அது உன் கதைக்காகச் சொன்னது இல்ல."

7

ஆகவே நடந்ததை, எனக்கு அனுமதி உள்ளவரை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை முதல் டயரிலிருந்து கையை எடுத்தார். இரண்டாவதைக் காட்டி, "இதை மாட்டுங்க," என்றார். பழைய டயரை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதை வீட்டுக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளிடம் அதைக் காட்டி, உப்புத்தாள் விஷயத்தைத் தானே சொல்லிவிடப் போகிறாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

டயர் ஏறியது. சக்கரம் வண்டிக்குத் திரும்பியது. டயர்க்காரர் காற்றுக் குழாயை எடுத்துவந்து, எல்லாக் காற்றடிப்பவர்களும் கேட்பதையே கேட்டார்.

"சிங்கிளா, டபுளா?"

ஒருவர் போக ஒரு அளவு, இருவர் போக ஒரு அளவு. கேட்டது மாப்பிள்ளையிடம். இந்த முறை அவளுக்காக அவர் பதில் சொல்வதாக இல்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். கடையில் இன்னொரு ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. என் கார் வாசலில் நின்றது.

அவள் பதில் சொன்னாள். எனக்கும் கேட்டது. வாக்குக் கொடுத்துவிட்டதால் எழுத மாட்டேன். ஆனால் இவ்வளவு தூரம் அவளோடு வந்திருக்கிறீர்கள், அவளை உங்களுக்கும் இப்போது தெரியும். டயர்க்காரர் குழாயோடு நிற்கிறார், நீங்களே சொல்லுங்கள்.