கேமராவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் கம்பெனியில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு, மனிதன் கருவிகளைக் கண்டுபிடித்த கதை. மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு இதெல்லாம் எதற்கு? கேன்டீனில் யாராவது சக்கரம் என்று வாயைத் திறந்தால் போதும், அவர் டீ ஆறிப்போகும்வரை பேசுகிறவன் நான். மைக் கிடைத்தால் விடுவேனா?

நெருப்பில் ஆரம்பித்தேன். மண் பூசிய கூடை தவறி அடுப்பில் விழுந்துதான் பானை பிறந்திருக்கும் என்றேன், பக்கத்தில் நின்று பார்த்தவன்போல. பிறகு குயவனின் சக்கரம் வந்ததைச் சொன்னேன். நம் கிருஷ்ணகிரி மண்ணைத் தோண்டினால் பழங்கால இரும்பு கிடைக்கிறது, ஆகவே சூளகிரி தொழிற்பேட்டை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது என்றேன். மேனேஜர் ஆனந்த் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். புதுக் கருவி வந்து யாரும் கெட்டதில்லை என்று முடித்தேன்.

எனக்கு எதிரே அந்தப் புதுக் கருவி நின்றது. ஒரு கேமரா, நான் மாட்டியது. பைக் சுவிட்ச் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று இத்தனை வருடம் ஆறு பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். இனி அது பார்க்கும். லீவு முடிந்து ஒரு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டால் ஆறு பேருக்கும் வேலை போய்விடும். அவர்களில் மூத்தவள் பாப்பம்மா. இன்னொருத்தி சுஜாதா, என் மனைவி.

பேச்சு முடிந்ததும் எல்லா மெஷின்களுக்கும் பெண்கள் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். மேனேஜர் கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்.

எங்கள் ஊரான பேரிகைக்குத் திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து சுஜாதா கேட்டாள்.

"ஏங்க, சக்கரம் வந்துச்சுன்னீங்களே. அதுக்கு முன்ன கையாலயே பானை செஞ்சிட்டிருந்தவ அன்னிக்கு சாயந்திரம் என்னா பண்ணியிருப்பா?"

"அதெல்லாம் வரலாத்துல இருக்காது."

"அவ வீட்டுக்காரன் மைக்ல பேசிட்டிருந்திருப்பான்."

ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. முகம் தெரியவில்லை.

லீவு முடிந்து கேமராவை ஓடவிட்டேன். முதல் மூடியைக் கழிவுத் தொட்டிக்குத் தள்ளியது. அடுத்ததையும் தள்ளியது. வந்த எல்லாவற்றையும் தள்ளியது. லைட்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், புரோகிராமைத் திரும்ப ஏற்றினேன். வேறு வழியில்லாமல் ஆறு பெண்களும் பழையபடி மேசையில் உட்கார்ந்தார்கள். கேமராவை விற்ற பெங்களூரு ஆளுக்கு போன் போட்டேன்.

"லென்ஸ் கிளீனா இருக்கா சார்?"

"பளிச்சுன்னு இருக்கு. பூஜைக்கு முன்னாடி நானே தொடைச்சேன்."

இதைச் சொல்லும்போது லென்ஸுக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். அதன் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம். எனக்கு அது அழுக்காகத் தெரியவில்லை. பொட்டு எப்படி அழுக்காகும்? போர்வெல் மோட்டாருக்கும் டிராக்டருக்கும் பொட்டு வைத்த வீட்டில் வளர்ந்த கண் அது. மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

சுஜாதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தெரிஞ்சுதான் வச்சேன். அதுக்குக் கண்ணு எங்கன்னு நீங்கதான காட்டுனீங்க." என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "தொடைக்கறதுன்னா தொடைங்க. இந்த வயசுல பாப்பம்மாவை வேற எவன் வேலைக்கு எடுப்பான்?"

முதலில் கோபம் வந்தது. பின்னாலேயே வெட்கம் வந்தது. கோபம் போய்விட்டது, வெட்கம் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆனந்த் வந்தார். "என்னாச்சு?"

"பொட்டு சார். கண்ணை மறைக்குது."

"அதுக்கென்ன, தொடைச்சு விடுங்க."

"நீங்க கற்பூரம் காட்டின பொட்டு சார். தானா உதிரணும். கை வச்சு அழிச்சு, நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா..."

அவர் வாசல் பக்கம், பூசணிக்காய் உடைத்த இடத்தைப் பார்த்தார். "வேணாம் வேணாம். தானா உதிரட்டும். அதுவரைக்கும் இவங்களே பாக்கட்டும்."

நெருப்பு, சக்கரம், இரும்பு என்று முழங்கியவன் வாயிலிருந்து கடைசியில் வந்தது இதுதான்.

அவர் போனதும் சுஜாதா கேட்டாள். "காஞ்ச சந்தனம் எத்தினி நாளைக்குங்க நிக்கும்? அதுக்குள்ள இந்த மெஷினை ஓட்ட எங்க ஆறு பேத்துக்கும் கத்துக்குடுங்க. இங்க இல்லைன்னாலும் வேற கம்பெனியில கேப்பாங்க."

ஷிஃப்ட் முடிந்ததும் கற்றுக்கொடுக்கிறேன். முதல் வகுப்பைச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன். "அதெல்லாம் பேடா சாமி, எந்த பட்டன்னு சொல்லு" என்றாள் பாப்பம்மா. கன்னடத்தில் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான்.

ஐந்து பேர் தேறிவிட்டார்கள். பாப்பம்மாவுக்குத் திரையைத் தொடவே இன்னும் பயம்.

பொட்டும் இன்னும் உதிரவில்லை. நல்ல சந்தனம் என்று ஆனந்த் மெச்சிக்கொள்கிறார். தினமும் காலையில் யாரும் வருவதற்குள் டிபன் டப்பா மூடியில் சந்தனம் குழைத்து லென்ஸில் வைக்கிறவன் நான். மனித குலத்துக்கு நான் கண்டுபிடித்துக் கொடுத்தது இது ஒன்றுதான். பாப்பம்மா தேறும்வரை அது உதிராது.