இருந்தால், போனால்

படுக்கையில் அப்பா இல்லை. கம்பளி பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. அருள்மேரி பால் தூக்கை வாசற்படியிலேயே வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். அங்கே இல்லை. பின்புறம் விறகு அடுக்கியிருந்த இடத்திலும் இல்லை. திரும்பி வந்து செருப்பைத் தேடினாள். செருப்பைக் காணோம், மப்ளரைக் காணோம், ஆணியில் தொங்கும் கோட்டையும் காணோம். அப்போதுதான் அவர் வெளியே கிளம்பிப் போயிருக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது.

கழிப்பறைக்குக்கூட ஆள் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லி இருபது நாள்தான் ஆகியிருந்தது. இனி இவர் மேடு ஏறவே கூடாது என்றார் அந்த மனிதர். கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார். நாயுடுபுரத்தில் அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். அம்மா கித்தேரியம்மாள் காலைப் பூசைக்குப் போயிருந்தாள். அருள்மேரி பால் வரிசையில் நின்ற ஒரு மணி நேரத்தில் அடைக்கலராஜ் எழுந்து கிளம்பியிருக்கிறார்.

அவர் முப்பத்தோரு வருஷமாக மேலே மிஷன் பள்ளிக்கூடத்தில் பைப் ஃபிட்டர். வீடும் பள்ளிக்கூடம் கொடுத்ததுதான். ஊரில் எல்லோரையும் கேலி பேசுவார். ஆனால் ஒரு காரியம் மனதில் விழுந்துவிட்டால் யாரிடமும் மூச்சு விடாமல் போய் முடித்துவிட்டு வந்து நிற்பார். அந்தக் குணம் பாதி மகளுக்கும் வந்திருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் முடிக்கவும் மாட்டாள்.

அவள் மதுரையில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். ஐந்து வருஷ சர்வீஸ், பெர்மனெண்ட் வேலை. அப்பா படுத்த பிறகு வார லீவுக்கெல்லாம் மலையேறி வந்துகொண்டிருந்தாள். பம்பாயில் புதிதாகத் தொடங்கிய கம்பெனி ஒன்று மூன்று மடங்கு சம்பளத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தது. அது இரண்டு வருஷம் தாக்குப் பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமைக்குள் தந்தியில் பதில் வேண்டும் என்று கடிதம். இன்று சனிக்கிழமை. வீட்டில் அவள் இதை வாய் திறக்கவில்லை. அப்பாவின் நெஞ்சு தாங்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குத்தான் பயம். இருக்கவும் பயம், போகவும் பயம்.

மில்லில் கம்ப்யூட்டர் அவள் கைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் எதையும் மெஷினில் ஏற்றுவதற்கு முன் காகிதத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவாள். இப்படி ஆனால் என்ன, அப்படி ஆனால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். ஒரு இடம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் நேற்று இரவு வீடு வந்ததும் ஆபீஸ் காகிதம் ஒன்றில் நடுவில் கோடு கிழித்து எழுதினாள்.

இடது பக்கம், ‘இருந்தால்.’ அதன் கீழே: ‘அதே வரவு, அதே செலவு. வாராவாரம் அலைச்சல். எத்தனை வருஷம் இப்படியே ஓட்டுவது?’

வலது பக்கம், ‘போனால்.’ அதன் கீழே: ‘கையில் நல்ல பணம் வரும். கொஞ்ச நாள் அழுகை, பிறகு பழகிவிடும். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். வீடு?’

பம்பாயில் வேலை கிடைக்கும், வீடு கிடைக்காது என்று எல்லோரும் அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியோடு காகிதத்தை அப்பாவின் மாத்திரை டப்பாவின் அடியில் வைத்துவிட்டு இட்லிக்கு ஆட்டப் போய்விட்டாள். இப்போது டப்பா இருந்தது, காகிதம் இல்லை. ஆனால் அப்பாவைக் காணாத பதற்றத்தில் அது அவள் கண்ணில் படவில்லை.

வெளியே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனி. “அப்பா!” என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். விறகு சுமந்த மட்டக்குதிரையோடு ஆண்டிச்சாமி எதிரே இறங்கி வந்தார்.

“ஒங்க அய்யாவையா தேடுற? மேல பள்ளிக்கூடத்துப் பக்கந்தான் போனாரு. வெறக எறக்கிர்றேன், குதிரையில ஏறிக்கங்கண்ணேன்னு சொன்னேன். ‘பாவம், அது ஏற்கெனவே ஒன்னச் சொமக்குது’ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.”

“மூச்சு வாங்குச்சாண்ணே?”

ஆண்டிச்சாமி குதிரையின் கயிற்றைக் கையில் சுற்றினார். “வாங்குச்சு. மூணு எடத்துல உக்காந்து வந்தேன்னு அவரே சொன்னாரு. நீ வெரசா போ தாயி.”

பள்ளிக்கூட ஆபீஸ் தாழ்வாரத்தில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அடைக்கலராஜ். உதடு நீலம் பாரித்திருந்தது. கிளார்க் ஜெபதுரை வெந்நீர்த் தம்ளரை அவர் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் அப்பா சிரித்தார்.

“எதுக்கு இப்பிடி ஓடியாற? சோலி முடிஞ்சுருச்சு. வந்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

“அப்பிடி என்னப்பா சோலி? எங்கிட்டச் சொன்னா நான் வந்திருக்க மாட்டேனா?”

“எல்லாத்தையும் நீயேவா பாப்ப? எனக்கும் ஒண்ணு வேணும்ல.”

ஜெபதுரை ஏதோ சொல்ல வந்து, அவளைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். பள்ளிக்கூட வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட டாக்டரும் கூடவே வந்து ஊசி போட்டார். மலை இறக்கி மதுரைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே ஆபத்து, அசைக்காமல் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பூசையிலிருந்து திரும்பிய கித்தேரியம்மாள் புருஷனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு அவர் காலைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

மதியம் அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் அமர்ந்தது. விரலை அசைத்து மகளைக் கூப்பிட்டார்.

“ஒரு வருஷம் இருக்கலாம்னு சொல்லிட்டாங்க தாயி.”

பள்ளிக்கூட ஆபீசுக்கு அடுத்த அறைதான் டாக்டர் அறை. காலையில் அங்கே போய்க் கேட்டிருக்கிறார் என்று அருள்மேரி நினைத்தாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஒரு வருஷம் என்னப்பா, பத்து வருஷம் இருக்கலாம்.”

“பத்தெல்லாம் குடுக்க மாட்டாங்க. ஒண்ணே பெருசு.” கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

அந்த நிமிஷத்தில் அவள் முடிவு செய்துவிட்டாள். பம்பாயும் வேண்டாம், மூன்று மடங்கும் வேண்டாம். அந்த ஒரு வருஷத்தில் ஒவ்வொரு சனி ஞாயிறும் இங்கே வந்துவிட வேண்டும். பல நாளுக்குப் பிறகு பசித்தது. அடுப்படியில் நின்றபடியே ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மூன்றரை மணி இருக்கும். “எங்கயோ குழாய் ஒழுகுது, பாரு” என்றார் அப்பா.

பின்புறம் போய்ப் பார்த்தாள். குழாய் இறுக்கமாக மூடியிருந்தது. மழைகூட இல்லை. அவர் சொன்னதாயிற்றே என்று இன்னொரு முறை திருகிவிட்டு வந்தாள். அம்மா அப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைப் பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அருள்மேரி முகத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தபோது ஜெபதுரை அவளைத் தனியே கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். கட்டம் போட்ட ஆபீஸ் காகிதம்.

“நேத்து அய்யா எங்க மேசையில விட்டுட்டுப் போயிட்டாரு. முக்கியமானதாச்சேன்னு பத்திரமா வச்சிருந்தேன்.”

அவள் அதை வாங்காமலே நின்றாள். “இது எப்பிடி ஒங்ககிட்ட?”

“கொண்டாந்து காட்டுனாரும்மா. ‘எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல போடுறாப்புல கணக்குப் போட்டு வச்சிருக்கா பாரு தம்பி. நான் இருந்தா என்ன, போனா என்னன்னு எல்லாம் சரியாப் போட்டிருக்கா. வீடு மட்டும்தான் தெரியாம விட்டுருக்கா, அத நான் கேட்டுச் சொன்னா கணக்கு முடிஞ்சுரும்’னாரு. மேனேஜரப் பாத்து, நான் போயிட்டா எம்பொண்டாட்டி எத்தன நாள் குவார்ட்டர்ஸ்ல இருக்கலாம்னு கேட்டாரு. மூணு மாசந்தான் ரூலு. இவரு சிரிச்சுச் சிரிச்சுப் பேசி ஒரு வருஷம் வாங்கிட்டாரு.” ஜெபதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பெருமையாத்தாம்மா காட்டுனாரு. கோவமே இல்ல.”

அவள் காகிதத்தைப் பிரித்தாள். ‘கொஞ்ச நாள் அழுகை, பிறகு பழகிவிடும்’ என்ற வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன சரிக்குறி. ‘கையில் நல்ல பணம் வரும்’ என்பதற்குப் பக்கத்தில், ‘பி.எஃப்.’ ‘வீடு?’ என்பதற்குக் கீழே அப்பாவின் கோணல் எழுத்தில், ‘ஒரு வருஷம். மேனேஜர் ஐயா சம்மதம்.’

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். இது உங்களைப் பற்றி இல்லையப்பா, என் வேலையைப் பற்றி என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்வதற்கு உலகத்தில் இருந்தது ஒரே ஆள்.

திங்கட்கிழமை காலையில் அம்மா அலமாரியிலிருந்து பாத்திரங்களை இறக்கிப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பண்ற?”

“அவங்க காலி பண்ணுன்னு சொல்றதுக்கு முந்தி நம்மளே கட்டிருவோம்டி. கன்னிவாடியில எந்தங்கச்சி வீட்டுல ஒரு மூலை கெடைக்கும்.”

“வேணாம்மா. ஒரு வருஷம் இங்கயே இருக்கலாம். அப்பா கேட்டு வாங்கிட்டாரு.”

“எப்ப?”

“சனிக்கிழம. அதுக்குத்தான் மேல போயிருக்காரு.”

எதனால் போனார் என்பதை அவள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல முடியாது. என்றைக்காவது முடியுமா என்றும் தெரியவில்லை. கித்தேரியம்மாள் மூட்டையை மடிக்கு இழுத்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, தம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடியும் அலமாரியில் வைத்தாள். முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

அருள்மேரி காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்புறம் போய் உட்கார்ந்தாள். அவள் கேட்ட வீடு வேறு, அவர் வாங்கி வந்த வீடு வேறு. ஆனாலும் இனி அம்மாவுக்கு இருக்க இடம் இருக்கிறது. பம்பாய் போகக் கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. போகாவிட்டால் அந்த மேட்டை அவர் ஏறியது எதற்கு? போனால், அவரைக் கொன்ற காகிதத்தின்படியே நடந்தவளாவாள். இரண்டு பக்கமும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் பயம்தான் வந்து நின்றது.

மூன்று மணிக்குத் தபால் ஆபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த வேலுச்சாமிக்கு அப்பாவைப் பழக்கம். அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“அடைக்கலண்ணன் இப்பிடிப் பண்ணிட்டாரே தாயி. வெளியூர்ச் சொந்தத்துக்கெல்லாம் இன்னும் தகவல் போகலயா? குடு. சாவுத் தந்தியின்னா மத்ததுக்கு முந்தி அனுப்பிருவேன்.”

தந்திப் பாரத்தை அவள் கையிலிருந்து அவரே வாங்கினார். சொற்களைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“அண்ணே” என்றாள். “அது சாவுத் தந்தி இல்லண்ணே.”

வேலுச்சாமி அப்போதுதான் படித்தார். ஜனவரி ஒன்றாம் தேதி வேலையில் சேருகிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மற்ற பாரங்களின் அடியில் அதைச் செருகினார்.

“அப்ப இது வரிசையிலதான் போகும்.”

“போகட்டும்ணே.”

வாசலில் மூன்று படி. இரண்டு இறங்கியதும் கால் வரவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி, மூச்சு அடங்கட்டும் என்று நின்றாள்.