குரல் நின்ற இடம்

அர்ச்சுனனிடம் அவன் குதிரையைப் பற்றிக் கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். தக்காளிக்குப் பாயும் தண்ணீரைக்கூட மறந்துவிட்டுப் பேசுவான். ஏரியூர்ப் பக்கம் அவனவன் புல்லட் வாங்கி ஓட்டுகிறான். இவன் ஒரு செவலைக் குதிரையைப் பிடித்துவந்து, மூன்று வருஷம் தானே பழக்கி, செவலி என்று பேரும் வைத்தான். கடிவாளத்தை இழுக்கவே வேண்டாம். இடது முட்டியைக் கொஞ்சம் அழுத்தினால் இடப்பக்கம் திரும்புவாள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் நின்றுவிடுவாள். தூரத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நடந்து வருவாள். குரல் நின்றால் அவளும் அங்கேயே நிற்பாள். காலையில் அவள்மேல் ஏறித் தக்காளிக் காட்டைச் சுற்றி வரும்போது அவனுக்கு உலகத்தில் ஒரு குறையும் கிடையாது.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவள் அவன் பெண்டாட்டி சாலம்மாள்.

"ஏங்க, செவலிக்குக் கண்ணு தெரியலீங்க. நேத்து தொட்டியில மோதுனா. இன்னிக்குத் தக்காளிக் கூடையில இடிச்சுக்கிட்டு நிக்கிறா."

"கண்ணு தெரியாமத்தான் என்னைச் சுமந்துக்கிட்டு வரப்புல நடக்குறாளா?"

"நீங்க திருப்புறீங்க, அவ திரும்புறா. டாக்டர வரச் சொல்லுங்க."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். டாக்டர் வந்து ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதைக் கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை. அதனால்தான் அந்த மடத்தனத்தைச் செய்தான். செவலியைக் கிணற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு அது.

"கிணத்தச் சுத்திக்கிட்டு வருவா பாரு. வந்துட்டான்னா இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"வேணாங்க. வெளையாடாதீங்க," என்று சாலம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"வா, வா, வா," என்று கூப்பிட்டான்.

செவலி நேராக வந்தாள். இதோ திரும்பிவிடுவாள், இந்த அடியில் திரும்பிவிடுவாள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் திரும்பவில்லை. விளிம்புக்கு நாலடிதான் இருந்தது. "செவலி!" என்று அலற வாயைத் திறந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எப்படி அலறினாலும் அது அவளுக்கு வா என்றுதான் கேட்கும். பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டான்.

குரல் நின்றது. செவலியும் நின்றாள். முன்னங்கால் உதிர்த்த மண் உள்ளே தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் சுற்றிப்போனான். பக்கவாட்டில் நின்று அவள் மார்பில் கைவைத்துத் தள்ளினான். பழக்கியபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். அப்புறம்தான் அவள் கண்ணைப் பார்த்தான். இரண்டிலும் சாம்பல் பூத்திருந்தது. மேலே உட்கார்ந்து இத்தனை நாளும் அவள் காதைத்தான் பார்த்திருக்கிறான் பாவி.

"எத்தன நாளாடி இப்பிடி?" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

சாலம்மாள் அவனைத் திட்டவில்லை. கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "வூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. டாக்டருக்கு நான் போன் பண்றேன்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். செவலி நகரவில்லை. காதை அவன் பக்கம் நீட்டி, கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டு நின்றாள். வா என்று ஒரு சொல் சொன்னால் போதும், வந்துவிடுவாள். அர்ச்சுனனுக்கு வாய் வரவில்லை.