பறக்கும் பாம்பும் மூதூர்ப் படகும்

தனித்தீவுக்கு மாயாஜால நாவல் கொண்டுபோவதைவிடப் பெரிய மடத்தனத்தை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று, திருகோணமலையில் மூதூர்ப் படகு ஏறியதும் ஸஜ்ஜாத் அறிவித்தான். தானென்றால் கொண்டுபோவது மீன்பிடி வழிகாட்டி ஒன்றைத்தான் என்றான். அவன் இதுவரை ஒரு மீனும் பிடித்ததில்லை.

தங்கை பஹ்மியா மடியிலிருந்த தடித்த நாவலை இறுக்கிப் பிடித்தாள். 'தனித்தீவுக்கு ஒரு புத்தகம்' என்ற தலைப்பில், அந்த நாவலைத்தான் எடுத்துப்போவேன் என்று நாளைக்குப் பேச்சுப்போட்டியில் அவள் பேச வேண்டும். கடைசி அத்தியாயம் இன்னும் வாசிக்கவில்லை.

நடுக்கடலில் அலை படகைத் தூக்கிப் போட்டது. பஹ்மியா முகம் வெளிறி அண்ணனை அழைத்தாள்.

"காக்கா, எழுத்தெல்லாம் ஆடுது. எனக்கு ஏலாது. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

"நானா? பறக்கிற பாம்புக் கதையையா?"

"ஓம். மீன் புத்தகமெண்டு நினைச்சு வாசிங்க."

ஸஜ்ஜாத் கொட்டாவி விட்டபடி தொடங்கினான். மூன்றாம் பக்கத்தில் பாம்புக்குத் தனிக்குரல் வந்துவிட்டது. எதிரே இருந்த மீன் வியாபாரி, "பாம்பு மவுத்தாப் போயிருமா, தம்பி?" என்று அதன் உயிருக்காகக் கவலைப்பட்டுக் கேட்டார்.

"பேசாம இரிங்க, அது இன்னும் பறக்கல்ல!"

மூதூர்த் துறையை அடையும்போது, வெட்டுப்பட்ட சிறகு முளைத்துப் பாம்பு பறக்க, அத்தியாயம் முடிந்தது. பஹ்மியா நிம்மதியாக எழுந்தாள்.

"பாம்புட செட்டைய முதல்ல ஆரு வெட்டினது?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"அது முதலாம் அத்தியாயத்தில கிடக்கு."

"சரி, நீ வீட்ட போ. நான் பின்னால வாறன்."

படகு திருகோணமலைக்குத் திரும்பியபோது, அதே இருக்கையில் அவன் முதலாம் அத்தியாயத்தில் இருந்தான்.