கழுத்துக்குள் ஒரு பூட்டு

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஒளிப்பலகையில் மாட்டியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனின் கழுத்தெலும்புகள் இரண்டைப் பிணைத்திருந்த தகடு அவளுக்குத் தெரிந்த தகடு. திருகுகளின் தலையை மூடியிருக்கும் அந்தக் குட்டிப் பூட்டுக்காக, இந்தத் தகடுகளைச் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு. திருகு ஒண்ணுகூட அசையல" என்றார் டாக்டர்.

"எனக்குத் தலைக்கனம்னு உங்க அண்ணி சொல்லுவா. அதையும் சேர்த்துத் தாங்குது பாரு" என்றான் அண்ணன்.

அவள் சிரித்தாள். ஆனால் மனம் பழைய சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தது. எலும்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டைகள். அவற்றில் முடுக்கிய தகட்டை இரவும் பகலும் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம். எதற்கும் தலையாட்டுவதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள், அவளும் உடன் வேலை பார்த்த சோடாபுட்டியும்.

முதலில் செய்த தகட்டில் பூட்டு கிடையாது. தலையாட்டும் சோதனையில் அது தேறியதும் மேலாளர் விற்பனைக்கு நாள் குறித்துவிட்டார். சோடாபுட்டிதான் முட்டுக்கட்டை போட்டார்.

"மனுஷன் தலையை மட்டுமா ஆட்டறான்? பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பிப் பாப்பானே."

வளைத்துக்கொண்டே முறுக்கியும் பார்த்தார்கள். மேல் திருகு மெல்ல மெல்லக் கழன்று வெளியே எட்டிப் பார்த்தது. உயிருள்ள கழுத்தாக இருந்தால் உணவுக்குழாயில் குத்தியிருக்கும். மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மறுபடி ஓட்டினார்கள், மறுபடியும் கழன்றது. குறித்த நாள் தள்ளிப்போனது. பல மாதம் அவர்கள் இருவரோடும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பூட்டு வைத்த தகடு வந்து, திருகு அசையாமல் நின்ற அன்று, சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணனைக் காரில் உட்கார வைத்துவிட்டு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"யாரு?"

"சோடாபுட்டிக்கு என் குரல்கூட மறந்துபோச்சா?"

அதே பழைய சிரிப்பு. "என்னை அப்படிக் கூப்பிட ஆளே இல்லாமப் போச்சும்மா."

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"எந்த அண்ணன்? சாயங்காலம் உன்னைக் கூட்டிட்டுப் போக வருவாரே, அவரா? உள்ள வந்து பாருங்கன்னா, 'இரும்பைப் பாக்கறதுதான் என் தலையெழுத்தா?'ம்பாரு."

"அவரேதான். இப்ப கழுத்துலயே வெச்சிருக்காரு."

இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அந்த அறையின் எண்ணெய் வாசனை, ஓயாத ரீங்காரம், விடுமுறை நாளில் அது கேட்காமல் தூக்கம் வராதது, எல்லாம் வந்துபோயின.

"ஒருநாள் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வா. அந்தக் கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்" என்றார் அவர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குள் ஏறி அண்ணனிடம் சொன்னாள்.

அவன் உடம்போடு சேர்த்துத் திரும்பி அவளைப் பார்த்தான். "தாராளமா தொட்டுப் பாக்கட்டும். ஆட்டிப் பாக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடு."