தெஸ்ஸாவுக்குக் கிடைத்த உரிமம்

சமூகப் பணியாளர்களோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஊர்க்காரர்களின் காகிதத்தையெல்லாம் காலத்தோடு அனுப்பி வைக்கிற இந்த ஜனங்களுக்குச் சொந்தக் காகிதம் மட்டும் கண்ணில் படாது. யாருடைய உணவு உதவி எப்போது முடிகிறது, யாருடைய பென்ஷன் மனு எந்த மேசையில் தூங்குகிறது என்பதெல்லாம் எங்கள் கிளினிக்கின் மூத்த சமூகப் பணியாளர் வெர்னா காம்ப்ஸுக்குத் தலைகீழ்ப் பாடம். தன் காரின் பதிவு காலாவதியானது மட்டும் போலீஸ்காரர் வழியில் நிறுத்திச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி கிளினிக்கில் எல்லோரும் சிரித்திருக்கிறோம். முன்மேசையில் உட்கார்ந்து ஆள் வரவு பார்க்கும் நான்தான் அதிகம் சிரித்தவள்.

தெஸ்ஸா ஃபீல்ட்ஸுக்கு உரிமம் கொடுக்கும் வாரியத்திலிருந்து பதில் வந்த அன்று சிரிப்பு நின்றது.

தெஸ்ஸா எங்கள் மலைப்பக்கத்துப் பெண், எங்கள் கிளினிக்கிலேயே வேலை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே முதுகலை படித்து முடித்தவள். படித்துவிட்டால் மட்டும் இங்கே தனியாக யாருக்கும் மனநலச் சிகிச்சை பார்த்துவிட முடியாது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வருடக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். வாராவாரம் அவர் எதிரில் உட்கார்ந்து, யாரிடம் என்ன பேசினோம், எங்கே சறுக்கினோம் என்று ஒப்பிக்க வேண்டும். தேர்வு வேறு. தெஸ்ஸா தேர்வில் ஒரு தடவை கோட்டைவிட்டு, மறு தடவை தேறியிருந்தாள். வெர்னாவிடம் உட்கார்ந்த நேரத்தை வாரியம் ஏற்றுக்கொண்டால் உரிமம் கைக்கு வந்துவிடும்.

வாரியம் ஏற்கவில்லை. மேற்பார்வை பார்க்கத் தனி அனுமதி உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு சின்ன வகுப்பில் உட்கார்ந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். வெர்னா தன் உரிமத்தைப் புதுப்பித்திருந்தாள், அந்த அனுமதியை மறந்துவிட்டாள். அவள் கணவன் ராய், சுரங்கத் தூசியில் நுரையீரல் போய், மூச்சுக்குத் திணறிச் செத்துக்கொண்டிருந்த வசந்தம் அது. நினைவூட்டல் வந்த மின்னஞ்சலை அவள் திறக்கவே இல்லை. அதன் பிறகு தெஸ்ஸா உட்கார்ந்த நேரமெல்லாம் செல்லாதாம்.

வெர்னா அதைப் படித்துவிட்டு என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையிலும் தொழில் புத்தி போகுமா?

"கண்ணு, இப்ப உனக்குள்ள என்ன ஓடுது?" என்றாள்.

"அந்தக் கேள்விய என்கிட்ட கேக்காதீங்க வெர்னா!" தெஸ்ஸா கத்தினாள். "என்ன ஓடுதா? மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் வரலேன்னா வேலை இல்லேன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. வேலை போனா இன்ஷூரன்ஸ் போச்சு. மார்லி மருந்துக்கு நான் எங்க போவேன்?"

மார்லி அவள் மகள். நாலு வயசு. மருந்து ஒரு வேளை தவறினால் வலிப்பு வந்துவிடும். ஒருமுறை என் மேசைக்குப் பக்கத்திலேயே அந்தக் குழந்தை வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தெஸ்ஸா வாரியத்து வக்கீலுக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனுஷர்தான், விதிதான் கிறுக்குப் பிடித்தது. மேற்பார்வையாளர் மறந்துபோனால் நேரம் செல்லாது. வேண்டுமென்றே மறைத்து ஏமாற்றியிருந்தால், ஏமாந்தவருக்கு அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கலாம். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

தலைநகரத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். தெஸ்ஸா ஓட்டும் நிலையில் இல்லை, வெர்னாவின் காரை நம்பி யார் ஏறுவது? வழியில் எங்கள் பக்கத்து பிஸ்கட் ரொட்டியும் அதன்மேல் ஊற்றிக்கொள்ளும் குழம்பும் வாங்கினோம், யாரும் தொடவில்லை. மலை இறங்கிச் சமவெளி வந்ததும் வெர்னா வாயைத் திறந்தாள்.

"தெரிஞ்சேதான் மறைச்சேன்னு சொல்லப்போறேன்."

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா வெர்னா? லைசென்ஸப் புடுங்கிருவாங்கடி!"

"புடுங்கட்டும். எனக்கு அறுபத்தி ரெண்டு ஆச்சு. என்னத்தக் கட்டிக் காக்கப்போறேன்?"

"நான் ஒத்துக்க மாட்டேன்." பின்சீட்டில் தெஸ்ஸா அழுதாள். "அது பொய். ராய் பக்கத்துலயே நீங்க கெடந்தீங்க. எனக்குத் தெரியும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம், கண்ணு. அனுமதி போனது உனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லு. அது நெசந்தானே? லொரேன், வண்டிய எடு. நேரமாச்சு."

எடுத்தேன். வேறு என்ன செய்ய? எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். அதைவிட, மறதிக்குத் தண்டனையும் மோசடிக்குச் சலுகையும் எழுதி வைத்த அந்த மகானுபாவர் மேல் கோபம்.

விசாரணை அறையில் நீள மேசை, அதன் பின்னால் வாரியத்துக்காரர்கள். எல்லோருமே சமூகப் பணியாளர்கள், எல்லோர் முகத்திலும் அதே கனிவு. நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். வெர்னா எழுந்து, தெரிந்தே மறைத்ததாகத் தெளிவாகச் சொன்னாள். நல்ல மேற்பார்வையாளர் என்ற பெயர் போய்விடுமோ என்ற பயமாம். வாழ்நாளில் பொய் சொல்லத் தெரியாதவள், அன்று அப்படிக் கோவையாகச் சொன்னாள்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "மிஸ் ஃபீல்ட்ஸ், உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. வாராவாரம் அவங்களோட உக்காந்தவங்க நீங்க. அவங்க வேணும்னே மறைச்சாங்கன்னு நீங்க நம்புறீங்களா?"

இந்தக் கேள்விக்குக் காரில் யாரும் பதில் யோசிக்கவில்லை. தெஸ்ஸா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் காத்திருந்தாள். எதிரில் இருப்பவர் தானாகப் பேசட்டும் என்று சமூகப் பணியாளர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். அடுப்பில் பாத்திரம் தீய்ந்தாலும் அசைய மாட்டார்கள். சொல்லாதே என்றும் சொல்லிவிடு என்றும் நான் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமா," என்றாள் தெஸ்ஸா. "மறைச்சாங்க."

மாதம் முடிவதற்குள் உரிமம் வந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தெஸ்ஸாவின் அறைச் சுவரில் நான்தான் ஆணி அடித்து மாட்டினேன். மார்லிக்கு மருந்து தடையில்லாமல் கிடைத்தது. வெர்னாவின் உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். மேற்பார்வை மாணவியை ஏமாற்றியவர் என்று வாரியத்தின் இணையப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டார்கள். எங்கள் ஊரில் அது பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை போதும்.

வெர்னாவிடம் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் தெஸ்ஸாவிடம் மாறினார்கள். மலைப்பக்கத்தில் வேறு ஆள் ஏது? அவர்களில் ஹோபர்ட் ஸ்லோனும் ஒருவர். பழைய சுரங்கத்துக்காரர். மகனைப் போதை மருந்துக்குப் பறிகொடுத்தவர். துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவரை, வெர்னா தேடிப்போய்ப் பேசிக் கூட்டி வந்தாள். அதிலிருந்து அவர் பேசுகிற மனுஷி அவள் ஒருத்திதான்.

ஒரு புதன்கிழமை வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, அறைக்குள் போகவும் மறுத்துவிட்டார். என் மேசை முன்னாலேயே நின்றுகொண்டு தெஸ்ஸாவைப் பார்த்தார்.

"வெர்னா பொய்க்காரின்னு ஊரெல்லாம் சொல்றாங்க. உன்னையே ஏமாத்துனாளாமே, நெசமா?"

தெஸ்ஸாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஹோபர்ட், உள்ள வாங்க. உக்காந்து பேசலாம்."

"நெசமான்னு கேட்டேன். என் மவன் சாவுக்கு நான் காரணமில்லேன்னு அவதான் சொன்னா. அவ வார்த்தைய நம்பித்தான் துப்பாக்கியக் கீழ வெச்சேன். அவ பொய் சொல்றவளா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

வெர்னா தன்னை ஏமாற்றவில்லை என்ற உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும். மார்லியின் மருந்தும் அதோடு போகும். தெஸ்ஸாவின் உதடு அசைந்தது. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அதப் பத்தி நான் பேச முடியாது, ஹோபர்ட்," என்றாள் கடைசியில். "ஆனா உங்க மகன் விஷயத்துல அவங்க சொன்னது..."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தார். தெஸ்ஸா பின்னாலேயே ஓடினாள். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள், கெஞ்சினாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். மலை ரோட்டில், வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பாமல், காட்டுப்பக்கம் திரும்பினார்.

"வெர்னாவக் கூப்பிடு!" தெஸ்ஸா உள்ளே ஓடி வந்து கத்தினாள். "லொரேன், வெர்னாவக் கூப்பிடு!"

நான் அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தேன்.