வீட்டில் தங்கிவிட்ட வியாழக்கிழமை

ஏப்ரல் கடைசியில் வந்த ஒரு வியாழக்கிழமை, செஞ்சியில் தேவேந்திரன் வீட்டை விட்டுக் கிளம்பாமல் ஜூன் வரை அங்கேயே தங்கிவிட்டது. அதே தெருவில் மற்ற வீடுகளுக்கு வெள்ளியும் சனியும் ஞாயிறும் முறைப்படி வந்து போய்க்கொண்டிருந்தன. தேவேந்திரன் வீட்டிலும் பொழுது விடிந்தது, வெயில் காய்ந்தது, இருட்டியது. ஆனால் காலையில் எழுந்து காலண்டர் தாளைக் கிழித்தால் அடியில் இருந்ததும் அதே வியாழக்கிழமைதான். அவர் மனைவி மீனம்பாள் முந்தின மாலை அரைத்து வைத்த இட்லி மாவு, கிரைண்டரிலிருந்து அப்போதுதான் வழித்ததுபோல் பொங்காமல் கிடந்தது. பால் திரியவில்லை. தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்த தேவேந்திரன் காலையில் வழவழவென்ற முகத்தோடு புறப்படுவார். கேட்டைத் தாண்டியதும் ஒரு நாள் தாடி கன்னத்தில் அரும்பிவிடும். அவர் சவரப் பெட்டியை ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு எதிரில் பூ விற்பவர்கள், மிஞ்சிய மல்லி மொட்டுகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அவர்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். மீனம்பாள் பூவுக்குச் சரியென்றாள். மீன்காரர் வந்து கேட்டபோது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நாள் இப்படித் தங்கியதற்குக் காரணம் அவர்கள் மகள் மோனிகா. முதுகலைத் தமிழ் இலக்கியம் கடைசி ஆண்டு. படிக்காத பெண் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. கிளை நூலகத்தில் அவள் கை படாத நாவல் குறைவு. சாப்பிடும்போதும் இடது கையில் புத்தகம் இருக்கும். படிக்க வேண்டியதைத்தான் படிக்க மாட்டாள். மொழியியல் தாளுக்கு வாங்கிய கைடைத் திறந்தால், அதன் ஓரங்களில் ராஜகிரி மலையைப் பால்பாயிண்ட் பேனாவால் வரையத் தொடங்குவாள். மலை முடிந்ததும் குரங்குகள், குரங்குகள் முடிந்ததும் மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். யாராவது கேட்டால் "நாளைக்கிப் படிக்கிறேன்" என்பாள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே நாளைக்குப் படிக்கத்தான் இருந்தாள். அந்த வியாழக்கிழமை ராத்திரியும் அதையே சொல்லி, ஒரு தீவில் கலங்கரை விளக்கம் காக்கும் குடும்பத்தைப் பற்றிய தலையணை கனமுள்ள நாவலை எடுத்துக்கொண்டு படுத்தாள். மறுநாள் காலை மொழியியல் பரீட்சை.

விடிந்து பார்த்தால் காலண்டரிலும் வியாழன், போனிலும் வியாழன். மோனிகாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. ஒரு நாள் இலவசமாகக் கிடைத்ததென்று நாவலைத் தொடர்ந்தாள். பத்தரை மணிக்கு அலுவலகத்திலிருந்து தேவேந்திரன் போன் செய்தார்.

"இன்னைக்கி வெள்ளிக்கெழமம்மா. பரீட்சைக்கிப் போலியா நீ?"

"இல்ல நைனா, வியாழக்கெழமதான். காலண்டரப் பாத்துட்டுதான் சொல்றன்."

அவர் வீடு வந்து சேர்வதற்குள் பரீட்சை முடிந்திருந்தது. அவர் திட்டவில்லை. காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஜூனில் துணைத்தேர்வு உண்டு, அதில் தேறினால்தான் பி.எட். சேர முடியும் என்று மட்டும் சொன்னார். மோனிகா வெட்கப்பட்டுக் கைடை எடுத்து ஒரு பக்கம் படித்தாள். அந்தப் பக்கம் முடியும்போது சமையலறையில் மாவு ஒரு குமிழி விட்டது. கூடையில் ஒரு மொட்டு பாதி விரிந்தது. நாள் நகர்வது எதனால் என்று அப்போது வீட்டுக்குத் தெரிந்தது. பூக்கடைக்காரர்கள் மூலம் ஊருக்கும் தெரிந்தது.

அடுத்த வாரம் தெருக்கோடியிலிருந்து விருத்தாம்பாள் தன் புருஷன் வீரமணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வீரமணி லாரி டிரைவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, கண் மஞ்சள் பூத்திருந்தது.

"மீனா, ஆஸ்பத்திரில வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுங்கன்னுட்டாங்க. நாளைக்கித் தாண்டறதே கஷ்டமாம்" என்றாள். "உங்கூட்லதான் நாளைக்கே வரலியாமே. ஒரு ஓரமா படுத்துக் கெடக்கட்டும்."

மீனம்பாள் பாயை விரித்தாள். விருத்தாம்பாள் மோனிகாவின் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, நீ படிச்சா நாள் நவுந்துடுமாமே. உன் கால்ல உழறன். படிக்காதம்மா."

மீனம்பாள் அவள் குடும்பத்தில் பத்தாவது தேறிய முதல் பெண். வல்லத்தில் அங்கன்வாடி வேலை கிடைத்த நாளில் அவளுடைய அப்பா தெருவுக்கே காராபூந்தி வாங்கிக் கொடுத்தார். மகள் பிறந்ததிலிருந்து அவள் வாயில் அதிகம் வந்த சொல் "படி" என்பதுதான். அவள் மேசையிலிருந்த கைடை எடுத்தாள். பழைய புடவையில் சுற்றி ஸ்லாப் மேல், அண்டாவுக்குப் பின்னால் வைத்தாள். இறங்கி வந்து, மகள் முகத்தைப் பார்க்காமல், "இப்போதைக்கி கத புக்கே படி" என்றாள்.

அப்படியாக மோனிகாவுக்கு வேறு யாருக்கும் வாய்க்காத ஒரு கோடைக்காலம் வாய்த்தது. நாவல் படிப்பதும் படம் வரைவதும் ஓர் உயிரைக் காப்பாற்றும் வேலையாயின. அவள் வெளியே போகவில்லை. வீரமணிக்குக் கலங்கரை விளக்கக் கதையை உரக்கப் படித்துக் காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே, அந்தத் தீவுக்காரன் ராத்திரியெல்லாம் விழித்திருப்பதற்குப் படிக்காசு கொடுக்கிறார்களா என்று விசாரித்தார். விருத்தாம்பாள் காலையும் மாலையும் வந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள். வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. மல்லி மொட்டுகள் சுவரோரம் மூடியபடி இருந்தன. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படிக்கவே கூடாது என்று ஆனபிறகு மோனிகாவுக்கு மொழியியல் மேல் ஓர் ஆசை வந்தது. அவள் கண் அடிக்கடி ஸ்லாப் பக்கம் போனது. நாவலில் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதை அவளே கண்டுபிடித்தாள். எத்தனையோ நாள் தள்ளிப்போட்ட அந்தப் பாடம், வேலையற்ற விருந்தாளிபோல வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. துணைத்தேர்வு நெருங்கியது. தேவேந்திரனுக்குத் தேதி தெரியும், மீனம்பாளுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

மோனிகா வீரமணியையும் வரைந்தாள். சுவரில் சாய்ந்து, துண்டு தோளில், கண் ஜன்னல் பக்கம். தினமும் ஒன்றாக வரைந்து ஒட்டிவைத்தாள். ஜூன் நடுவில் ஒரு மத்தியானம் அவர் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பாப்பா, அத்தினியும் ஒரே படமா இருக்குது?"

"வேற வேற நாள்ல போட்டது மாமா."

"அதான் கேக்கறன். மூஞ்சி அப்பிடியே கீதே."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல உட்ட மாதிரி இருக்குது பாப்பா. பசியும் இல்ல. உன் அம்மா சோறு போடறாங்க, துன்றன். ஆனா பசிச்சித் துன்னு எத்தினி நாளாவுது? இங்க வந்தன்னைக்கிப் பசி இல்ல. அது அப்பிடியே நின்னுபோச்சி." பிறகு, "உனுக்குப் பரீட்ச எப்போ?" என்றார்.

"அதெல்லாம் அடுத்த வருசம் எழுதிக்கலாம் மாமா."

"எப்போன்னு கேட்டன்."

"இந்தச் சனிக்கெழம."

"வெளிய இன்னைக்கி இன்னா கெழம?"

"வியாழன். இன்னைக்கி ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப அந்தப் புக்க எடுத்துக்கினு வா. எனுக்கும் படிச்சிக் காட்டு."

மோனிகா மீனம்பாளைப் பார்த்தாள். மீனம்பாள் அசையவில்லை. விருத்தாம்பாள் அப்போது தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்; பேசியதெல்லாம் கேட்டிருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து புருஷனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் படிம்மா" என்றாள். "வேகமாப் படிக்காத."

மோனிகா ஸ்லாப்பில் ஏறிக் கைடை எடுத்தாள். முதல் பாடத்திலிருந்து, நிறுத்தி நிறுத்தி, உரக்கப் படித்தாள். எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன, நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் வளைகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. வீரமணி ழகரத்தைச் சொல்லிப் பார்த்தார். "வாளப்பளம்" என்றே வந்தது. விருத்தாம்பாள் சொல்லிப் பார்த்தாள், அவளுக்கும் அதேதான். நாக்கை இன்னும் உள்ளே மடக்கச் சொல்லி மோனிகா சொல்லிக்கொடுத்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சாயங்காலம் பாதிப் புத்தகம் ஆனபோது மொட்டுகள் விரியத் தொடங்கின. வாசனை கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பூக்காரர்கள் ஓடிவந்து கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள், குறை சொல்லவில்லை. விளக்கு வைத்து, சாப்பிட்டு, மறுபடி உட்கார்ந்து அவள் கடைசிப் பாடத்தை முடித்தபோது வீரமணி தூங்கியிருந்தார். காலையில் காலண்டரில் வெள்ளிக்கிழமை இருந்தது. தேதியும் ஊரில் உள்ள தேதிதான். மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது.

வீரமணி எழுந்ததும், "பசிக்குது" என்றார். மீனம்பாள் இட்லி ஊற்றினாள். அவர் நாலு சாப்பிட்டார், இன்னும் இரண்டு கேட்டார். வெள்ளிக்கிழமை முழுவதும் நன்றாக இருந்தார். மோனிகா அன்று வரைந்த படத்தில் அவர் முகம் வேறாக இருந்தது. வாய் சற்றுத் திறந்து, களைத்து, வயிறு நிறைந்த ஆளின் முகம். சனிக்கிழமை விடியும் முன் மூச்சு நின்றது.

மோனிகா போகமாட்டேன் என்றாள். விருத்தாம்பாள்தான் எழுந்து வந்து, "அவரு கேட்டாரு இல்ல, போ" என்று ஹால்டிக்கெட்டைக் கையில் திணித்தாள். கேட்டைத் தாண்டியபோது மோனிகாவின் நகங்களும் முன்நெற்றி முடியும் விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நேரத்தில் வளர்ந்தன. முடியை ஒதுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மத்தியானம் வீரமணியைத் தூக்கிப் போனார்கள். கேட்டைத் தாண்டும்போது அவர் முகத்திலும் தாடி வளர்ந்து கன்னத்தை மூடியது. தூக்கியவர்கள் பார்த்தார்கள், நடையை நிறுத்தவில்லை.

மோனிகா சாதாரண மதிப்பெண்ணில் தேறினாள். இப்போது திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய் பி.எட். படிக்கிறாள். நாவலும் விடவில்லை, படமும் விடவில்லை, தள்ளிப்போடுவதையும் முழுதாக விடவில்லை. அதனால் அவர்கள் வீட்டில் எப்போதாவது ஒரு ஞாயிறு திங்கள் மத்தியானம் வரை இருக்கும். ஒரு முறை செவ்வாய் இரண்டு நாள் நின்றது. தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தபால்காரர் உட்பட எல்லோரும் உள்ளே வருமுன் கேட்டில் நின்று கிழமை கேட்டுக்கொள்கிறார்கள்.

விருத்தாம்பாள் காரியம் முடிந்தபின் பல மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் குடையோடு வந்து கேட்டில் நின்றாள்.

"உங்கூட்ல இன்னைக்கி இன்னா கெழம?"

மோனிகா எட்டிப் பார்த்து, "புதன் அத்த" என்றாள்.

"வெளியவும் அதான்" என்று சொல்லி, விருத்தாம்பாள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.